எக்ஸ்ரே அக்காவும் பச்சை இலையும்

டீத்தூள் பாக்கெட்டைத் தலைக்கு மேலே தூக்கி, கடையின் குழல்விளக்கில் காட்டிப் பார்க்கிறார் எக்ஸ்ரே அக்கா. ஆஸ்பத்திரியில் இருபது வருடம் எலும்புப் படம் எடுத்த பழக்கம். அடுத்து முட்டைப் பெட்டி. "கோழி சுதந்திரமா திரிஞ்சுதுன்னு போட்டிருக்கு. யாரு போய்ப் பாத்தாங்க? பேரைக் காணோமே." பெட்டி அலமாரிக்கே திரும்புகிறது. கூடையோடு பின்னால் நிற்கும் எனக்கு இன்றைக்கும் ஆம்லெட் கிடையாது.

அக்கா என் மாடி வீட்டுக்காரர், என் சாப்பாடும் அவரிடம்தான் என்பதால் எனக்கு இந்தப் பாக்கியம். வெளியாள் வந்து தேயிலைத் தோட்டத்தைச் சோதித்துக் கொடுத்த முத்திரை என்றால் சோதித்தவர் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கணினியில் தட்டிச் சரிபார்த்த பிறகுதான் அவர் வீட்டில் டீ கொதிக்கும். மற்றதெல்லாம் கம்பெனி தனக்குத் தானே குத்திக்கொண்டது. "'இயற்கையானது'ன்னு எழுத யாரையும் கேக்க வேணாம். நான்கூட நெத்தியில எழுதி ஒட்டிக்கலாம்" என்பார்.

போன மாதம் இந்த வாய் சொந்தத் தங்கையையும் விடவில்லை. வெளியூரில் இருக்கும் தங்கை, வீட்டிலேயே பிஸ்கட் சுட்டு விற்கத் தொடங்கி, முதல் பாக்கெட்டை அனுப்பியிருந்தாள். மேலே ஒரு பச்சை இலை. கீழே 'பூமிக்கு நல்லது' என்று ஒரு வரி. பாராட்டுக் கேட்கப் போன் செய்தவளிடம் அக்கா கேட்டது இதுதான்:

"இந்த இலையை யாருடி உனக்குக் குடுத்தா?"

"கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. அழகா இருக்கேன்னு வெச்சேன்."

"அப்ப பொய்தானே?"

மூன்று வாரம் பேச்சு இல்லை. அந்தத் தங்கையை விட்டால் அவருக்கு வேறு யாரும் கிடையாது. வேலை முடிந்து வந்து போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கே மனசு கேட்கவில்லை.

நேற்று இன்னொரு பாக்கெட் வந்தது. இலையும் அந்த வரியும் இருந்த இடத்தில், கோபத்தோடு கத்தரிக்கோல் போட்ட ஓட்டை. வழியெல்லாம் காற்றுப் புகுந்து பிஸ்கட் நமுத்துப்போயிருந்தது. நானும் ஒன்று எடுத்தேன், வளைந்தது, உடையவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அக்கா பதறிப்போய் ஸ்பீக்கரில் போட்டார்.

"இப்பப் பொய் இல்லையே?" என்றாள் தங்கை.

"இல்லடி."

"பிஸ்கட் எப்படி இருக்கு? அதையாவது சொல்லு."

"நல்லா மொறுமொறுன்னு இருக்கு."

"சும்மா சொல்லாத. எப்படி நம்பறது?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு டப்பாவைத் திறந்து, எண் சரிபார்த்து வாங்கிய கடை பிஸ்கட் ஒன்றை எடுத்து, போனை வாயருகே பிடித்துக்கொண்டு, நறுக்கென்று கடித்தார்.