ஜட்ஜு எத்தனை போட்டாங்க?

என் தம்பி ரோலர் ஸ்கேட்டிங்கில் மாநில சாம்பியன். பாட்டுக்கு ஏற்றபடி ஒற்றைக் காலில் சுழன்று ஆடுகிற வகை. கொல்லிமலையில் சமதளம் ஏது? மிளகு காயப்போடும் சிமெண்டுக் களத்தில்தான் பழகினான். ஊரே மிளகை ஓரமாக ஒதுக்கி அவனுக்கு இடம் விட்டது. அந்தச் செல்லம்தான் அவனைக் கெடுத்தது என்று இன்றும் சொல்வேன்.

போட்டிக்கு அம்மா வருவாள்; பார்க்க மாட்டாள். "விழுந்தாச் சிரிச்சுரு சாமி, ஜட்ஜு பாப்பாங்க" என்று அவனை அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்துகொள்வாள். நான் உள்ளேயிருந்து வந்ததும், "ஜட்ஜு எத்தனை போட்டாங்க கண்ணு?" என்பாள். மார்க்கைச் சொன்னால்தான் மூச்சு வரும்.

வயது ஏற ஏற ஆட்டம் ஓய்ந்தது. சாம்பியன் கூலிக்குப் போய்க் குச்சிக்கிழங்கு பிடுங்குவானா? காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு கிடங்கில் மிளகு மூட்டை திருடி ஜெயிலுக்குப் போனான். வெளியே வந்து மறுபடி திருடி மாட்டிக்கொண்டான். அதே கிடங்கில்! வேறு கிடங்கா கிடைக்கவில்லை? தலையில் அடித்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு இதயக் கோளாறு. கண் மூடுவதற்குள் அவன் வீடு வந்து சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. அதைச் சொல்லியே தண்டனையைக் குறைக்கக் கேட்கலாம் என்றார் வக்கீல். "தலையக் குனிஞ்சு நின்னாப் போதுமுங்க" என்று அவனிடம் படித்துப் படித்துச் சொன்னார்.

கோர்ட்டில் குற்றம் உறுதியானதும், தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டார். இவன் நிமிர்ந்தான். பல் தெரியச் சிரித்தான். களத்தில் விழுந்து எழும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. அது எனக்குத் தெரியும், நீதிபதிக்குத் தெரியுமா?

"எதுக்குச் சிரிக்கிறே?" என்றார். அப்போதும் சிரித்தான், பாவி. ஓடிப்போய் அறையலாம் போல இருந்தது. வக்கீல் பேசியதெல்லாம் வீணாய்ப் போயிற்று.

வெளியே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஜட்ஜு எத்தனை போட்டாரு கண்ணு?"

"மூணு வருசம்மா."

அம்மா என் கையைப் பிடித்தாள். "சிரிச்சானா? காலையில போலீஸ்காரங்க கூட்டியாரப்ப நாந்தான் சொல்லியுட்டேன், ஜட்ஜப் பாத்துச் சிரி சாமின்னு. மறந்துட்டானா?"

அவனைத் திட்டுவதற்கு வார்த்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். இனி யாரைப் போய்த் திட்டுவது?

"மறக்கலம்மா. நல்லாச் சிரிச்சான்" என்றேன்.