நூறு என்று எழுதினேன்

மூன்று வருடங்களுக்கு முந்திய ஒரு ஜூன் மாதம். கொழும்பு வெள்ளவத்தையில் மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு டெங்கு. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், இனி வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்று காலையிலேயே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்ட்டில் அவளைச் சேர்த்தோம்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளை வளர்ப்பில் கெட்டிக்காரி என்று எங்கள் சொந்தத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாடசாலையில் கொடுக்கும் ஒப்படைகளை மகள் பாதியில் விட்டுவிட்டுப் போனால், மீதியை நானே வரைந்து நிறம் தீட்டி முடித்துவிடுவேன். இரண்டு தடவை அவற்றுக்கு முதல் பரிசும் கிடைத்தது. மேடையில் ஏறியவள் அவள், கீழே இருந்து பூரித்துப்போனவள் நான். பொய் சொல்வானேன், அவளைப் பெற்றபின் எனக்கு வாய்த்த சந்தோஷங்களில் பாதி அந்த மாதிரிச் சந்தோஷங்கள்தான்.

டெங்கு வார்ட்டில் தாய்மாருக்கு ஒரு பொறுப்பு உண்டு. கட்டிலுக்குக் கட்டில் ஒரு தாள் இருக்கும். பிள்ளை எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தது, எவ்வளவு சிறுநீர் போனது என்று அளந்து அதில் தாய்தான் எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் சேலைன் எவ்வளவு ஏற்றுவது என்று டாக்டர்கள் முடிவெடுப்பார்கள். போனவுடனேயே தாதி சிங்களமும் தமிழும் கலந்து இதையெல்லாம் விளக்கிவிட்டார். எனக்கு விளங்கவில்லை என்று சாட்டுச் சொல்ல வழியே இல்லை.

ஆனால் மகள் குடிக்க வேண்டுமே. தம்பிலி இளநீரை வாயருகே கொண்டுபோனால் தலையைத் திருப்பினாள். கஞ்சியைக் கண்டாலே ஓங்காளித்தாள். "ஏலாது அம்மா, வயிறு நோகுது. என்னை விடுங்கோ" என்று முனகினாள். கெஞ்சினேன், கதை சொன்னேன், கடைசியில் அதட்டியும் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு மிடறு இறங்கினால் பெரிய காரியம்.

பக்கத்துக் கட்டிலில் கிராண்ட்பாஸிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் தாய் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். அவருடைய மகனுக்கு ஆறு வயது. அவரது தாள் ஒழுங்காக நிரம்பிக்கொண்டு வந்தது. தாதி அதைப் பார்த்து "ஹொந்தாய்" என்று மெச்சிவிட்டு, என் தாளை எடுத்தார்.

"மதி, அம்மா, மதி" என்றவர், அதையே தமிழிலும் சொன்னார். "இது காணாது. பிள்ளைக்குக் குடுக்கத் தெரியாதா?"

வார்ட்டில் இருந்த தாய்மார் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அடுத்த மணித்தியாலம் மகள் குடித்தது முப்பது மில்லிலீற்றர்கூட இல்லை. நான் நூறு என்று எழுதினேன். கோப்பையில் மிஞ்சியதைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றினேன். அதற்கடுத்த முறை நூற்றைம்பது. தூங்கி எழும்பினால் குடிப்பாள், விட்டதைப் பிடித்துவிடலாம் என்று என்னை நானே ஏய்த்துக்கொண்டேன். தாதி வந்து பார்த்து எனக்கும் "ஹொந்தாய்" சொன்னார். வெட்கக்கேடு, அந்த நேரத்திலும் எனக்கு உச்சி குளிர்ந்தது.

பின்னேரம் நான்கு மணியிருக்கும். மறுபடியும் கோப்பையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுத் திரும்பினேன். பக்கத்துக் கட்டில் தாய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். விறுவிறுவென்று தாதியிடம் போய்ச் சிங்களத்தில் சொன்னார். எனக்குத் தெரிந்த சிங்களம் அதற்குப் போதுமாக இருந்தது. அந்தப் பிள்ளை குடிக்கவில்லை, தாய் ஊற்றிவிட்டுப் பொய்யாக எழுதுகிறாள் என்றார்.

"உங்கட பிள்ளையைப் பாருங்கோ! என்ர பிள்ளையைப் பாக்க எனக்குத் தெரியும்" என்று கத்தினேன். பொய்யில்லை என்று சத்தியம் பண்ணக்கூட வாயெடுத்தேன். அதற்குள் தாதி மகளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். நானும் தொட்டேன். பாதம் ஐஸாகக் குளிர்ந்து கிடந்தது. தூங்குகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள், கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. கட்டிலைச் சுற்றி டாக்டர்கள் நின்றார்கள். ஒருவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, உண்மையில் எவ்வளவு குடித்தாள் என்று என்னைக் கேட்டார். எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் ஏசவில்லை. நான் எழுதியிருந்ததை மேலிருந்து கீழ்வரை ஒரே கோட்டில் வெட்டிவிட்டு, வேறு அளவில் சேலைன் ஏற்றச் சொன்னார்.

மகள் கண் திறந்து என்னைக் கூப்பிட மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை நான் என்ன நிலையில் இருந்தேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் அந்தத் தாய் ஒரு கோப்பை பிளேன்ரீ கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிள்ளை தப்பியதற்கு அவர்தான் காரணம் என்று தெரிந்தும், எல்லோர் முன்னாலும் காட்டிக்கொடுத்தாரே என்ற கோபம் எனக்குப் போகவில்லை.

"தங்கச்சி, கோவம் ஈந்தா ஈக்கட்டும்" என்றார் மெதுவாக. "என்ட மூத்தவனுக்கும் டெங்கு தான். அவனும் குடிக்கல்ல. நர்ஸ் மிஸ் ஏசுவாங்கண்டு பயத்துல, குடிச்சண்டு நானும் எழுதின."

"பிறகு?" என்று கேட்டேன்.

மகனின் கட்டிலைக் காட்டினார். "இப்ப இவன் மட்டும் தான் ஈக்கான். இவன்ட வாப்பாக்கும் தெரியா. நான் ஒருத்தருக்கும் செல்லல்ல."

அந்தப் பிள்ளை அதனால்தான் போனானா, நோய் முற்றித்தான் போனானா, யாருக்குத் தெரியும்? அவருக்கு மட்டும் அதில் சந்தேகமே இருக்கவில்லை. நான் அவரது கையைப் பிடித்திருக்கலாம். காலில் விழுந்திருந்தாலும் தகும். தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது, அவர் மகனை டிஸ்சார்ஜ் பண்ணி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. சொந்தக்காரர் கூடினால் என் மச்சாள் இன்னமும் சொல்லுவாள்: "தாயெண்டா இப்பிடி இருக்கோணும். பக்கத்திலயே இருந்து பிள்ளையைக் காப்பாத்தினவள்." கணவரும் ஓம் ஓம் என்று தலையாட்டுவார். மகள் வந்து என் தோளில் சாய்வாள். இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று வாய்வரை வரும். அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுவேன். பெயர் போடாமல் இதை எழுதுவதும் அந்தக் கோழைத்தனத்தால்தான்.

தன் புருஷனிடம்கூடச் சொல்ல முடியாததை, முகம் கொடுத்துப் பேசாத ஒருத்தியிடம் அவர் ஏன் சொன்னார் என்று அடிக்கடி யோசிப்பேன். அன்று தாதியிடம் அவர் போன வேகம், மூத்தவனுக்காகப் போகாமல் விட்ட வேகம் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காத அந்தப் பின்னேர நான்கு மணி என் மகளுக்குக் கிடைத்ததால்தான் அவள் இன்றும் உயிரோடு இருக்கிறாள்.