மாப்பிள்ளை தள்ளிய ஏலக்காய்

கோர்வையாக எழுத எனக்கு வராது, மறதி வேறு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரிலிருந்து போடிக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை போக்கர் என்றொரு சீட்டாட்டம் சொல்லிக்கொடுத்தார். காசுக்குப் பதில் ஏலக்காய் வைத்து ஆடினோம். கடைசி ஆட்டத்துக்கு மட்டும் பந்தயம்: நான் ஜெயித்தால் மகள் ஞாயிறு வரை இருப்பாள், அவர் ஜெயித்தால் மறுநாளே கிளம்புவாள்.

ஆளுக்கு இரண்டு சீட்டு விழுந்தது. நடுவில் போடும் பொதுச் சீட்டு ஒன்றுகூட இன்னும் வரவில்லை. அதற்குள் மாப்பிள்ளை தன் ஏலக்காய் மொத்தத்தையும் தள்ளிவிட்டு, "ஆல் இன், அத்தை! வாறீகளா, விடுறீகளா?" என்றார்.

என் கையில் இரண்டும் ஏஸ். "ரெண்டு ஏஸ் வந்துட்டா, யாரு தள்ளினாலும் விடக்கூடாது அத்தை" என்று அவரேதான் சொல்லியிருந்தார். ஆனால், மாப்பிள்ளைக்கு எதிரில் நான் நாற்காலியில் உட்கார்ந்ததே அன்றுதான். பண்டிகைக்கு வந்தவரை எப்படித் தோற்கடிப்பது? சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

"பயந்துட்டீகளே அத்தை! வெறும் ஏழும் ரெண்டும்தான்!" என்று தன் சீட்டைக் காட்டிச் சிரித்தார்.

மகள் என் சீட்டை மெல்லப் புரட்டிப் பார்த்தாள். அவர் காதில் விழாமல், "ஏம்மா, என்னைய அனுப்ப ஒனக்கு அம்புட்டு அவசரமா?" என்றாள்.

மறுநாள் கிளம்பிவிட்டார்கள்.

ஏழும் இரண்டும் இரண்டு ஏஸை ஜெயிக்க வழி உண்டா என்று ஆட்டம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். உண்டென்றால் மனசு கொஞ்சம் ஆறும்.