ஓரம் வெட்டிய வாஃபிள்

பிரேமிளா குவைத்திலிருந்து வந்திறங்கியபோது வட்டக்கச்சியில் பாதிப்பேர் அவள் கழுத்தைத்தான் பார்த்தார்கள். அங்கே பழைய சங்கிலிதான் கிடந்தது. பெட்டியைத் திறந்தால் சவர்க்காரம், பால்மா, இரண்டு கம்பளிப் போர்வை, அடியில் ஒரு வாஃபிள் மெஷின். இந்த வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று கேட்கக் கூடாது. வெளிநாட்டுக்குப் போன பெண்கள் எல்லாரும் கொண்டுவருகிறார்கள், இவளும் கொண்டுவந்தாள்.

கணவன் யோகநாதன் கிணறு வெட்டும்போது மண் சரிந்து இறந்த வருடம், மகள் கிருசாந்திக்கு நாலு வயது. பிள்ளையை அக்கா கமலாசனியிடம் விட்டுவிட்டுத்தான் பிரேமிளா வீட்டுவேலைக்குப் போனாள். இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்றாள். ஏழு வருடம் ஓடிவிட்டது.

இப்போது கிருசாந்தி, அடுத்த வளவில் இருக்கும் பெரியம்மாவைத்தான் அம்மா என்கிறாள். பெற்றவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏதும் தேவையென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள். பிரேமிளா வந்து மூன்று கிழமையாகியும் பிள்ளை ஒருநாள்கூட அவளோடு படுத்ததில்லை. வா என்று வற்புறுத்த எந்த முகத்தோடு போவது? பிரேமிளா தனக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தாள்.

கடைசியில் அந்த மெஷின்தான் உதவிக்கு வந்தது. வாஃபிள் சுடுகிறேன் என்றதும், ஞாயிறு காலைச் சாப்பாட்டுக்கு வரப் பிள்ளை தலையாட்டினாள். அன்று விடியவே பிரேமிளா அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

“அக்கா, கொஞ்சம் மோர் தாங்கோ. உப்பு, வெங்காயம் ஒண்டும் போடாதேங்கோ.”

“வெங்காயம் போடாத மோரை ஆரடி குடிக்கிறது?”

“குடிக்க இல்லை அக்கா, மாக் குழைக்க.”

கமலாசனி சிரித்துக்கொண்டே சட்டியோடு தூக்கிக் கொடுத்தாள். “சீனியை அள்ளிக் கொட்டிப் போடாதை. இனிப்புக் கூடினால் அவள் தொடமாட்டாள்.”

அக்கா நல்லதுக்குத்தான் சொன்னாள். என்றாலும் தன் பிள்ளையின் நாக்கைப் பற்றி இன்னொருத்தி சொல்லித் தெரிந்துகொள்வது பிரேமிளாவுக்குச் சுருக்கென்றது.

குசினியில் கிருசாந்தி கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோதுமை மா, முட்டை, பட்டர், அப்பச்சோடா, கொஞ்சமாய்ச் சீனி. மோரை ஊற்றியதும் மா மெல்லப் பொங்கியது. எதையும் அளக்கவில்லை, கைக்கே எல்லாம் தெரிந்திருந்தது. மெஷினைத் திறந்தபோது வரம்பு கட்டிய வயல்போலக் கட்டம் கட்டமாய் வெந்திருந்தது. பிள்ளையின் முகத்தில் சிரிப்பு வந்தது. இந்த மூன்று கிழமையில் இதுதான் முதல் சிரிப்பு. பிரேமிளாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாஃபிளைத் தட்டில் வைத்துக் கத்தியால் சுற்றிவர வெட்டினாள்.

“ஏன் ஓரத்தை வெட்டுறியள்?”

“ஃபஹத்துக்கு ஓரம் பிடிக்காது. மொறுமொறுப்பாய் வாயில பட்டால் தட்டைத் தள்ளிப்போடுவான்.”

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று பிரேமிளாவுக்கு உறைத்தது.

“அது ஆர்?”

“அங்கை... நான் வேலை செய்த வீட்டுப் பிள்ளை. உன்ர வயதுதான்.”

“அவனுக்கு ஒவ்வொரு நாளும் சுட்டுக் குடுத்தனீங்களோ?”

“ஓம்.”

கிருசாந்தி தட்டில் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். “எனக்கு ஓரம்தான் விருப்பம். தோசையிலயும் அதைத்தான் முதல் தின்னுவன். அம்மாவுக்குத் தெரியும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பிரேமிளா தாங்கியிருப்பாள். பிள்ளை கோபப்படவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு விபரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அடுத்ததைப் பிரேமிளா வெட்டாமல் வைத்தாள். பிள்ளை ஓரத்தைச் சுற்றிவரக் கடித்துத் தின்றுவிட்டு, நடுவையும் மிச்சம் வைக்காமல் முடித்தாள்.

“நல்லாயிருக்கு. அம்மாவுக்கும் ஒண்டு கொண்டுபோகட்டே?”

“கொண்டுபோ ராசாத்தி.”

இன்னொன்று சுட்டு, மூடிக் கொடுத்தாள். கிருசாந்தி வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் குனிந்து பெரியம்மா வளவுக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் சுட்டது மேசையில் ஆறிக் கிடந்தது. மணி எட்டரை. குவைத்தில் ஆறு மணி, ஃபஹத் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பும் நேரம். அவனுக்கு இப்போது யார் ஓரம் வெட்டிக் கொடுக்கிறார்களோ என்ற நினைப்பு, கேளாமலே வந்து நின்றது. அந்த நினைப்புக்காகப் பிரேமிளா தன் வாயில் தானே அடித்துக்கொண்டு அழுதாள்.