நாற்பது சிலிப்பர்

மூக்கையா ரயில்பாதைக் கூலி. கண்டிக்கு இரண்டு ஸ்டேசன் முன்னால், பாதையோர லயத்து வரிசை வீட்டில் குடியிருந்தவன். கொஞ்சம் வீறாப்பான ஆள். தன் கணக்கு தப்பாது என்பான். அந்தப் பேச்சைத்தான் அவனால் பிறகு பேச முடியாமல் போயிற்று.

மகள் பேச்சி நாலு வயதில் காய்ச்சலில் போனாள். பாதைக்கு மேலிருந்த கரையில் ஆண்கள் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பெண்கள் போகிற வழக்கமில்லை. நட்ட கல் அடுத்த மழையிலேயே உருண்டது. நாயுண்ணிப் புதர் மண்டிக் கரை முழுக்க ஒரே மாதிரி ஆயிற்று. மூக்கையாவுக்கும் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்க மனசு வரவில்லை.

"எங்க வச்சீங்க?" என்று பெண்சாதி வேலாயி கேட்டாள்.

"மைல்கட்டையிலேருந்து கண்டிப் பக்கமா நாப்பது சிலிப்பர். அதுக்கு நேரா மேல."

அவளிடம் மகள் என்று மிஞ்சியது, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டைகளின் அந்த நாற்பதுதான். அடுப்பூதும்போதும் அதை முணுமுணுப்பாள்.

முப்பத்து நாலாம் ஆண்டு கனமான எஞ்சின்கள் வரப்போகின்றன என்று பாதையைப் பலப்படுத்தினார்கள். பழைய சிலிப்பர் கட்டைகளைப் பிடுங்கிவிட்டு, புதியவற்றை நெருக்கி நெருக்கிப் போட்டார்கள். மூக்கையா அதில் முன்னால் நின்று வேலை செய்தான். அது முடிந்த கையோடு ஸ்டேசன் மேடையை நீட்டி உயர்த்தும் வேலை வந்தது. நிரப்ப மண் வேண்டும். பக்கத்தில் இருந்தது அந்தக் கரை.

கங்காணி கறுப்பையா ஈரமுள்ள மனுசன். "ஒன் புள்ள படுத்திருக்க எடத்த விட்டுட்டு வெட்டுவோம்பா. காட்டு," என்றார்.

மூக்கையா மைல்கட்டையிலிருந்து எண்ணினான். நாற்பதாவது கட்டைக்கு நேரே புதரில் சிவப்புத் துணியைக் கட்டினான். அந்த இடத்தை விட்டுவிட்டுத் தாண்டித்தான் வெட்டினார்கள். அவனும் வெட்டினான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மண்வெட்டி முனையில் கறுப்பாக ஏதோ மினுங்கியது. சின்னக் கண்ணாடி வளையல். கழற்ற வேண்டாமென்று வேலாயி அழுது, பிள்ளை கையோடு போன வளையல். அட பாவி மனுசா, நெருக்கிப் போட்ட கட்டையில் நாற்பது எண்ணினால் பழைய நாற்பது வருமா? இருபது அடி குறைந்திருந்தது. கட்டையை நெருக்கிப் போட்ட அதே கைதான் துணியையும் கட்டியது. அன்றைய மண் முழுவதும் மேடையின் ஒரு கோடிக்குப் போய், இடித்து இறுக்கியும் ஆகிவிட்டது.

வளையலைப் புகையிலைப் பையில் போட்டுக்கொண்டான். கங்காணியிடம் மூச்சு விடவில்லை. வேலாயிக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள், தெரியவே கூடாது என்று முடிவு கட்டினான். ஆனால் மேடையின் அந்தக் கோடியில் அவனால் கால் வைக்க முடியவில்லை. கீழே ஜல்லிமேல் சுற்றிக்கொண்டு போவான். ரயில் நின்று சனம் திமுதிமுவென்று இறங்கும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பட்டப்பகலில், ஆணி அடிக்கிற சத்தத்துக்கு நடுவே, வளையல் குலுங்குகிற சத்தம் கேட்கும். திரும்பிப் பார்ப்பான். யாரும் இருக்கமாட்டார்கள்.

பெரஹெரா திருவிழாவுக்குக் கண்டி போக இருவரும் புறப்பட்ட நாளில் விசயம் வெளிப்பட்டது. மூன்றாம் வகுப்புப் பெட்டி அந்தக் கோடியில்தான் நிற்கும். வேலாயி முன்னால் நடந்தாள். அவன் பாதி மேடையில் மரம்போல நின்றுவிட்டான்.

"வாங்களேன், ரயிலு போகப்போகுது."

"அங்க மிதிக்காத புள்ள," என்று பையைத் திறந்து வளையலை எடுத்தான். "நாப்பது தப்பாப் போச்சு."

வேலாயி வளையலை வாங்கி, தன் காலடியைப் பார்த்தபடி நின்றாள். ரயில் அவர்களை விட்டுவிட்டுப் போயிற்று.

அதன்பின் வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் ஸ்டேசனுக்குப் போனாள். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை. அதனால் அடுத்த ஸ்டேசனுக்கு ஒரு டிக்கெட் எடுப்பாள், ஏறமாட்டாள். மூக்கையா தடுத்துப் பார்த்தான்.

"சுடுகாட்டுக்குத்தான் பொம்பள போகக்கூடாது," என்றாள். "ஸ்டேசனுக்குப் போகலாந்தானே."

வாசலில் டிக்கெட் பார்க்கும் பாயிஸுக்கு ஒன்றும் தெரியாது. யாரைப் பார்க்க வருகிறாய் என்று ஒருநாள் கேட்டதற்கு, மகளை என்று சொல்லியிருந்தாள். பாவம், அந்த மனுசனும் ரயில் வரும்போதெல்லாம் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்ப்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை மூக்கையா அந்தக் கோடிக்கு நேரே மேடையின் கீழே ஆணி இறுக்கிக்கொண்டிருந்தான். ரயில் போய், சனமும் கலைந்தது. மேலே பாயிஸின் குரல் கேட்டது.

"மகள் இண்டைக்கும் வரல்லையாம்மா?"

"அவ எங்கயும் போகலயே தம்பி," என்றாள் வேலாயி.

மூக்கையா சுத்தியலைக் கீழே வைத்தான்.