மல்லாட்டைக் கொல்லையில் கேட்ட விசில்

பேய், பிசாசு, காத்து கருப்பு, இதுல எதையும் நான் நம்பினவ இல்லைங்க. இன்னிக்கும் நம்பறேன்னு சொல்ல மாட்டேன். ஊரே சுத்திக்கினு போற புளியமரத்துக்குக் கீழே உச்சி வெயில்ல தனியா உக்காந்து புளி பொறுக்கினவ நான். அதனால நீங்க நம்பினாலும் சரி, கெழவி ஒளர்றான்னு சிரிச்சாலும் சரி, நடந்ததை நடந்த மாதிரிதான் சொல்லுவேன்.

கிளியனூர்லேர்ந்து உள்ளே தள்ளிப் போனா எங்க ஊரு. பசங்க கால்பந்து டீம் ஒண்ணு வச்சிருக்கானுங்க, ஆடத்தான் எடம் இல்லை. ஏரியில ஆடினா மழைக்குத் தண்ணி வந்துடும், பள்ளிக்கூடத்துக்குப் போனா கேட்டைப் பூட்டிடுவாங்க. அதுல கோல் பிடிக்கிற முருகன் என் தம்பி மகன். எனக்குப் புள்ளை இல்லை, தாயில்லாத அவனை நான்தான் வளத்தேன். அவன் ஒருநாள் வந்து, "அத்தே, உன் கொல்லை நெலம் சும்மாத்தானே கெடக்குது"ன்னான். எங்க வூட்டுக்காரரு போய்ச் சேந்ததுலேர்ந்து அதுல மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, போடறதில்லை. எடுத்துக்கோங்கடான்னுட்டேன். இந்த ஊர்ல பசங்களுக்கு மைதானம் குடுத்தவ நான்தான், அதைச் சொல்லிக்க எனக்கு என்ன வெக்கம்.

கொல்லையில பாழுங்கெணறு ஒண்ணு இருந்துச்சு. நான் கண்ணு ஆபரேஷனுக்கு விழுப்புரத்துல ஒரு மாசம் கெடந்தப்போ பசங்களே அதை மூடிட்டானுங்க. கல்லைக் கொட்டி மூடியிருக்கணும். இவனுங்க என்னா பண்ணானுங்க, மில்லுல சும்மா குடுக்கறாங்கன்னு மல்லாட்டைத் தோலை டிராக்டர் டிராக்டரா கொண்டாந்து ரொப்பி, மேலே செம்மண்ணைப் போட்டு மெதிச்சு வுட்டுட்டானுங்க. நான் திரும்பி வந்து பாக்கறேன், புல்லு மொளைச்சுக் கெடக்குது, சவுக்குக் கம்புல கோல் போஸ்ட்டு நட்டிருக்குது, அதுவும் கெணறு இருந்த எடத்துலயே. கேட்டதுக்கு, கெட்டியா மூடியாச்சு அத்தேன்னான். தோலுன்னு ஒருத்தன் வாயைத் தொறக்கலை.

இங்க எங்க வூட்டுக்காரரைப் பத்திக் கொஞ்சம் சொல்லியாவணும். காய் புடிக்கிற காலத்துல காட்டுப்பன்னி எறங்கும்னு கொல்லையிலயே காவல் கெடப்பாரு. ரெண்டு விரலை வாயில வச்சு விசில் அடிப்பாரு. முன்பல்லு ஒண்ணு போயிட்டதால அது நேராப் போவாது, நடுவுல ஒடைஞ்சு மறுபடி ஏறும். மொத விசிலு பன்னிக்கு. பன்னி ஓடிடுச்சுன்னா கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணு அடிப்பாரு, அது எனக்கு. இனி பயமில்லை, வர்றேன், சோத்தைப் போடுன்னு அர்த்தம். அதைக் கேட்டாத்தான் நான் கொழம்பைச் சூடு பண்ணுவேன்.

புது மைதானத்துல மொத மேட்ச்சு கோட்டக்குப்பம் பசங்களோட. அந்த வாரம் நல்ல மழை, அன்னிக்கின்னு வெயில் அடிச்சுது. என்னை முன் வரிசையில சேர் போட்டு உக்கார வச்சிருந்தானுங்க. "முருகா, உங்க அத்தை பாக்கறாங்க, பந்தை வுட்டா ராவுக்குச் சோறு கெடையாதுடா"ன்னு கிண்டல் வேற. ரெண்டு பக்கமும் கோல் விழலை. அப்போ ரஃபின்னு அந்த டீம் பையன் ஒருத்தன் எல்லாரையும் வெட்டிக்கினு பந்தோட தனியா வர்றான், முருகன் கம்பத்துக்கு நடுவுல குனிஞ்சு நிக்கிறான்.

அந்த நேரத்துல விசிலு.

மொத்தப் பசங்களும் அப்படியே நின்னுட்டானுங்க. ரஃபி பந்து மேல காலை வச்சுக்கினு நிக்கிறான். முருகனுக்குக் கோவம், கோலை வுட்டு வெளியே வந்து, "என்னாத்துக்கு சார் ஊதனீங்க?"ன்னு கேட்டுக்கினே நடந்து வந்தான். ரெஃப்ரி கையில இருந்த விசிலைக் காட்டி, "நான் ஊதலைப்பா"ன்னாரு.

சொல்லி வாய் மூடலைங்க, முருகன் முதுகுக்குப் பின்னாடி தரை உள்ளே போச்சு. சத்தமே இல்லை, சலிக்கிற மாவு எறங்கற மாதிரி எறங்குச்சு. ஒரு கம்பம் சாஞ்சு தலைகீழா உள்ளே போயிடுச்சு. எட்டிப் பாத்தா தோலெல்லாம் மக்கி நாறிக் கெடக்குது, அடியில தண்ணி மினுக்குது. முருகன் நின்ன எடம் அது.

கூட்டத்துல எவனோ வெளையாட்டுக்கு அடிச்சிருப்பான்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நானும் அப்படித்தான் சொன்னேன். எனக்குக் காதுல பட்டது என்னான்னு நான் ஒருத்தர் கிட்டயும் வாயைத் தொறக்கலை. கெழவிக்கு அவ புருஷன் நெனப்புன்னுடுவாங்க.

அப்புறம் அந்த ரஃபி தண்ணி குடிக்க என்கிட்ட வந்தான். எங்க ஊர்ல அன்னிக்குத்தான் காலை வச்ச புள்ளை. "ஆயா, உங்க ஊர்ல யாரோ சூப்பரா விசில் அடிக்கிறாங்க, நடுவுல ஒடைச்சு ஒடைச்சு. எனக்கு வருதா பாருங்க"ன்னு ரெண்டு விரலை வாயில வச்சு அடிச்சான். நடுவுல ஒடைஞ்சு, மறுபடி ஏறுச்சு.



இப்போ கல்லும் ஜல்லியும் கொட்டிக் கெணத்தை மூடியாச்சு, ஆடிக்கினுதான் இருக்கானுங்க. முருகன் அதே கோல்ல நிக்கிறான். "அதான் மூடியாச்சே, வெயில்ல வந்து என்னா பண்றே, வூட்டுல இரு அத்தே"ன்னு அவனும் சொல்லிப் பாக்கறான். நான் ஒரு மேட்ச்சு வுடறதில்லை. ஏன்னு அவனுக்குச் சொன்னதில்லை, உங்களுக்குச் சொல்றேன்.

அன்னிக்கு நான் பொழுது சாய்ற வரைக்கும் அந்தச் சேர்லயே காதைத் தீட்டிக்கினு உக்காந்திருந்தேன். ஒரு விசிலுதாங்க வந்துச்சு. ரெண்டாவது இன்னும் வரலை.