வெட்டுப்பட்ட வலது ஓரம்

இருபது வருடங்களாக கேம்ப் பகுதியில் ஓர் அச்சுக்கடையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறேன். காகிதத்தின் அளவு முதலிலேயே தெரிந்துவிடும். அதற்குள் எழுத்தையும் பிள்ளையாரையும் பொருத்தினால் போதும். ஓரத்தில் மிஞ்சுவதை வெட்டு மெஷின் பார்த்துக்கொள்ளும். இணையப் பக்கத்தையும் அப்படித்தான் செய்தேன்.

கடைக்கு வருகிறவர்கள் இணையப் பக்கமும் கேட்க ஆரம்பித்ததால், ஹிந்தி வீடியோக்களைப் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டது அது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். புரியாததை யாரிடமும் கேட்க மாட்டேன். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது வெளியே வந்துவிடுமே.

நானாகச் செய்த முதல் பக்கம், நான் குடியிருக்கும் போபோடியில் எங்கள் சந்திலேயே இருக்கும் ஒரு பெண்ணுக்காக. கணவர் வேலை பார்த்த கம்பெனி மூடிய பிறகு, முறுக்கும் அதிரசமும் விற்றுத்தான் அவர்கள் வீடு ஓடியது. அந்தத் தீபாவளியை அவர் பெரிதாக நம்பியிருந்தார்.

"ஐடி கம்பெனி ஃப்ளாட்டுங்கள்ல நம்ம தமிழ் ஆளுங்க நெறைய கீறாங்கண்ணா. ஒரு பேஜ் போட்டுக் குடுங்க, அவங்களே பாத்து ஆர்டர் போட்டுக்கட்டும்."

கடையில் இருக்கும் பெரிய திரையின் அகலத்தை அளந்து, மூன்று பத்திகளாகப் பிரித்தேன். இடது பக்கம் படங்கள், நடுவில் பலகாரப் பட்டியல், வலது பக்கம் ஆர்டர் போடும் இடமும் அவருடைய போன் நம்பரும். பக்கம் தெரியும் ஜன்னலைச் சிறிதாக்கினால், பக்கவாட்டில் நகர்த்துவதற்கு அடியில் ஒரு பட்டை வந்தது. பார்க்க அசிங்கமாக இருந்ததால், மிஞ்சுவதை மறைத்துவிடும்படி ஒரு வரி எழுதினேன். பட்டை போய்விட்டது. எனக்கு ஓரம் வெட்டிய திருப்தி.

ஒரு வாரம் கழித்து அவர் கடைக்கே வந்துவிட்டார்.

"ஒரு ஆர்டர்கூட வரலண்ணா. என் போன்ல ஆர்டர் போடற எடத்தையே காணோம்."

வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி கீறல் விழுந்த சின்ன போன். என் திரையில் எல்லாமே இருந்தது. கடையில் மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போன் ரொம்பப் பழசும்மா. அதான்," என்றேன்.

"அப்டியா? சனிக்கெழம சாயங்காலம் புதுசு வாங்கிடறேன். மாவரைக்க வீட்டுக்கே ஒரு சக்கி வாங்கலாம்னு பணம் வெச்சிருந்தேன். பரவால்ல, அது அப்புறம்."

சனிக்கிழமை காலை பஸ்ஸில் என் போனில் பக்கத்தைத் திறந்தேன். படங்கள் இருந்தன. பட்டியலில் பாதி இருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. விரலால் இழுத்தாலும் வரவில்லை. என் போன் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

மதியம் சரிசெய்தேன். பத்திகளுக்குக் கட்டிப்போட்ட அளவை எடுத்துவிட்டு, திரையில் இத்தனை பங்கு என்று கொடுத்தேன். திரை குறுகினால் ஒன்றன்கீழ் ஒன்றாக வரச் சொன்னேன். மறைக்கும் வரியை அழித்தேன். ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளியபோது, வலது பத்தி தானாக இறங்கிக் கீழே வந்து உட்கார்ந்தது. சாப்பாட்டு டப்பா ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவர் சாயங்காலம்தான் போன் வாங்கப் போவார் என்று தெரியும். கூப்பிட நம்பரை எடுத்தேன். பிறகு டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன்.

அன்று இரவு சந்தில் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "புது போன்ல பளிச்சுன்னு தெரியுதுண்ணா! நீங்க சொன்னது கரெக்டு." பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னார். போனில்தான் கோளாறு என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டதாம்.

ஆர்டர்கள் வந்தன. தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, பாக்கெட்டில் ஒட்டும் லேபிள்களை அச்சடித்து அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் எண்ணெய் அருகே முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். கணவர் பழைய போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி எட்டிப் பார்த்தார்.

"இதுலயும் ஆர்டர் போடற எடம் தெரியுதே?"

லேபிள்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"போன்ல கோளாறு இல்லம்மா. நான்தான் பக்கத்தைத் தப்பாப் போட்டிருந்தேன்."

"எப்போ தெரியும் ஒங்களுக்கு?"

"நீங்க புதுசு வாங்கின அன்னிக்குக் காலையில."

அவர் முறுக்கைத் திருப்பிவிட்டார்.

"ஒரு போன் அடிச்சிருக்கலாமில்ல? நான் என்னா ஒங்கள கடிச்சா தின்னுடுவேன்?"

கணவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

"நீ எழுந்திரு. சக்கிக் கடையில கூட்டம் சேந்துடும், போய் அரைச்சுட்டு வா," என்றார் கணவரிடம். அரிசியும் உளுந்தும் கலந்து நிரப்பிய இரண்டு டப்பாக்கள் வாசலில் இருந்தன. கணவர் ஒன்றைத் தூக்கினார். நான் லேபிள்களைத் தரையில் வைத்துவிட்டு மற்றதைத் தூக்கிக்கொண்டேன். வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லவில்லை.

சக்கியில் வரிசை தெருவரை நின்றது. எங்கள் முறை வர ஒரு மணி நேரம் ஆனது.